பகலில் எண்ணிய மீன்குஞ்சு

'கொடுவா மீன்குஞ்சு வாங்கலாம் என்று ஒரு பொரிப்பகத்துக்குப் போயிருந்தேன். தொட்டியில் 60 சதவிகிதம் பிழைத்திருக்கிறது, முன்பணம் கட்டுங்கள் என்கிறார்கள். எள்ளளவு இருக்கும் குஞ்சைத் தண்ணீருக்குள் எப்படி எண்ணுகிறார்கள்? அதை நம்பிக் குட்டையைத் தயார் செய்யலாமா?'

கடலோர வாசகர் ஒருவரின் இந்தக் கேள்வியை ஆசிரியர் குழு எனக்கு அனுப்பியிருந்தது. நான் மீன்வளம் படித்தவன் இல்லை. வேளாண்மைப் பட்டம் வாங்கிவிட்டு முப்பது வருடமாக நெல், உளுந்து, பயறு என்று வரப்பில் நடந்தவன். ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன்னால் கொடுவாக் குஞ்சைத் தப்பாக எண்ணி, நான்கு விவசாயிகளைச் செலவில் இறக்கிவிட்டவன் நான்தான்.

என் தம்பி மகன் மீன்வளம் படித்துவிட்டு, கடலோரத்தில் ஒரு சின்னப் பொரிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். எந்தப் பொரிப்பகம் என்பது வேண்டாம். அவர்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை. அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்தில் பழைய இறால் குட்டை வைத்திருந்த நான்கு பேர், நோய் வந்து இறால் கையைக் கடித்ததால், கொடுவா விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாமே கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவான குட்டைகள். (இதைப் படித்துவிட்டு யாரும் விளைநிலத்தை வெட்டிக் குட்டையாக்கப் போக வேண்டாம். அதற்கு அனுமதி கிடையாது.) நால்வரும் என்னிடம் வந்தார்கள். "உங்க தம்பி மகன் அங்கதானே இருக்கான், ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க ஆபீசர்" என்றார்கள்.

கொடுவாவைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முகத்துவாரத்திலும் காயலிலும் வலையில் விழுகிற மீன்தான். உப்புத் தண்ணீரிலும் வளரும், நல்ல தண்ணீரிலும் வளரும். முதலில் ஆணாக இருந்து, வயதான பிறகு பெண்ணாக மாறும். இதை அடைத்து வைத்து முட்டையிட வைக்கும் வித்தையை 1997-ல் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் சாதித்தார்கள். கடல் விராலை 2010-ல் மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அதேபோல் முட்டையிட வைத்தார்கள். முட்டைக்குப் பஞ்சமில்லை, ஒரு தாய் மீன் லட்சக்கணக்கில் இடும். முட்டை பொரிந்து முதல் மூன்று வாரம் குஞ்சைக் காப்பாற்றுவதில்தான் கஷ்டம் இருக்கிறது.

பொரிந்தவுடன் குஞ்சின் நீளம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவில்தான் இரண்டு, மூன்று நாள் ஓடும். நெல் விதை முளைத்து, உள்ளே இருக்கும் மாவு தீரும்வரை வேருக்கு வேலை இல்லாமல் இருப்பது போல. மூன்றாம் நாள் வாக்கில் வாய் திறந்தாக வேண்டும். திறந்த வாய்க்கு எதிரில் ரோட்டிபர் என்கிற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரி மிதந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு மில்லி தண்ணீருக்குப் பத்து, இருபது இருந்தால்தான் அந்தக் குஞ்சால் எட்டிப் பிடிக்க முடியும். அன்றைக்குச் சாப்பிடாத குஞ்சு மறுநாளோ அதற்கடுத்த நாளோ போய்விடும். முதல் வாரத்திலேயே மேலே வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கி காற்றுப்பையை நிரப்பிக்கொள்ளவும் வேண்டும். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் படிந்திருந்தால் அதுவும் நடக்காது. இதையெல்லாம் தாண்டி ஆர்டீமியா தின்னும் பருவம் வந்தால், அப்புறம் ஒன்றை ஒன்று விழுங்க ஆரம்பிக்கும். நன்றாக நடக்கிற பொரிப்பகத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுவது சகஜம். இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது.

நான் போனது ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு. தம்பி மகன் இரவெல்லாம் விழித்திருந்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப மனமில்லை. தொட்டிக்கு முன்னால் பலகையில் எழுதியிருந்தது: 5,000 லிட்டர் தொட்டி, விட்டது 1,50,000 குஞ்சு, இன்று ஏழாம் நாள். எட்டிப் பார்த்தேன். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு வழியாக வெயில் விழுந்த பக்கத்தில், தொட்டிச் சுவரோரம், குஞ்சுகள் புகை மாதிரி திரண்டு நின்றன. மனசு குளிர்ந்துபோனது.

நானும் படித்தவன்தானே! ஒரு லிட்டர் குவளையை எடுத்து மோந்தேன். வெள்ளைத் தட்டில் ஊற்றி எண்ணினேன். 22. ஒரு தடவை போதாது என்று இன்னும் இரண்டு தடவை. 27, 23. சராசரி 24. ஐயாயிரம் லிட்டருக்கு 1,20,000. அதாவது 80 சதவிகிதம் பிழைத்திருக்கிறது. மூன்று குவளையும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டியதுதான் என்னை நன்றாக ஏமாற்றியது. ஒன்று ஐந்தும் ஒன்று நாற்பதுமாக இருந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். ஒரே இடத்தில் மூன்று தடவை மோந்தால் ஒரே எண் வராமல் வேறென்ன வரும்?

அங்கிருந்தே நால்வருக்கும் போன் போட்டேன். "ஒரு லட்சத்துக்கு மேல இருக்கு. ஆளுக்கு ஆறாயிரம்னாலும் இருபத்துநாலாயிரம்தான். கவலையே இல்ல, குட்டையைக் காய விடுங்க" என்றேன்.

காய விட்டார்கள். அடியில் கிடந்த கறுப்புச் சேற்றை வாரினார்கள், சுண்ணாம்பு போட்டார்கள், டீசல் போட்டுத் தண்ணீர் ஏற்றினார்கள். ஒருவர் கூட்டுறவு வங்கியில் நகையை வைத்தார். அவர் எனக்கு மாமன் முறை.

ஐந்து நாள் கழித்து மறுபடி போனேன், இந்தத் தடவை மாலையில். "பெரியப்பா, ராத்திரி இருங்க, இன்னிக்கு எண்ணப் போறோம்" என்றான் தம்பி மகன். "நான் எண்ணிட்டேன்டா, எண்பது சதம்" என்றேன். எங்கே, எப்போது எண்ணினேன் என்று கேட்டான். சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

இருட்டியதும் விளக்கை எல்லாம் அணைத்தார்கள். காற்றுக்கல்லில் வரும் காற்றைக் கொஞ்சம் கூட்டினார்கள். நிறையக் கூட்டக் கூடாதாம், குஞ்சு அடிபட்டுவிடும். அரை மணி நேரம் அப்படியே விட்டார்கள். பகலில் குஞ்சு வெளிச்சத்தைத் தேடிப் போகும், கூட்டம் கூடும், தீனி இருக்கும் இடத்தில் மொய்க்கும். இருட்டில் அந்த வேலை எல்லாம் இல்லை. காற்று கிளப்பும் தண்ணீரோடு தொட்டி முழுக்க ஓரளவு சமமாகப் பரவிக் கிடக்கும்.

பிறகு ஒரு பிவிசி குழாயைக் கொண்டுவந்தான். உள்விட்டம் 5 சென்டிமீட்டர். அடியில் கயிற்றை இழுத்தால் மூடிக்கொள்ளும் ஒரு ரப்பர் தட்டு, அவர்களே செய்துகொண்டது. அதைச் செங்குத்தாக மெதுவாகத் தொட்டியின் அடிவரைக்கும் இறக்கி, மூடி, தூக்கினான். ஒரு மீட்டர் ஆழத்துத் தண்ணீர், மேலிருந்து கீழ்வரை, அப்படியே குழாய்க்குள் வந்துவிடுகிறது. சுமார் 2 லிட்டர். குவளையில் மோந்தால் மேல்தண்ணீர் மட்டும்தான் வரும். சோர்ந்த குஞ்சு அடியில் கிடக்கும், துடியானது மேலே திரியும், நடுவில் காலியாகவும் இருக்கும். குழாய் மூன்றையும் சேர்த்து எடுக்கிறது.

ஒரே இடத்தில் எடுக்கவில்லை. சுவரோரம், நடு, இரண்டுக்கும் இடைப்பட்ட வட்டம் என்று பத்து இடம். எந்தெந்த இடம் என்பதை முன்கூட்டியே தாளில் புள்ளி வைத்து வைத்திருந்தார்கள். சின்ன டார்ச் வெளிச்சத்தில், ஒரு பெண் தட்டில் ஊற்றி ஊற்றி எண்ணிச் சொல்ல, தம்பி மகன் எழுதினான். 9, 14, 7, 11, 16, 8, 12, 10, 13, 10. எண்ணி முடித்ததும் குஞ்சைத் திரும்பத் தொட்டியிலேயே விட்டார்கள்.

மொத்தம் 110. இருபது லிட்டருக்கு 110 என்றால் லிட்டருக்கு ஐந்தரை. ஐயாயிரம் லிட்டருக்கு 27,500.

"பதினெட்டு சதம் பெரியப்பா" என்றான்.

நான் நம்பவில்லை. ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் செத்திருந்தால் பிணம் எங்கே? தினமும் குழாய் வைத்து அடித்தண்ணீரை உறிஞ்சி எடுக்கிறார்களே, அதில் செத்ததை எண்ணி எழுதியிருப்பார்களே? நோட்டை எடுத்துக் காட்டினான். பன்னிரண்டு நாளிலும் சேர்த்து எட்டாயிரம்கூட வரவில்லை. இந்த இடம்தான் எனக்குப் பெரிய பாடம். நாங்கள் நெல் விதையில் முளைப்புத்திறன் பார்க்கும்போது 400 விதையை எண்ணி வைக்கிறோம். 320 முளைத்தால் 80 சதவிகிதம், தேறிவிட்டது. முளைக்காத 80 விதையும் தாளிலேயே கிடக்கும். சந்தேகம் வந்தால் அதையும் எண்ணிச் சரிபார்க்கலாம். மீன்குஞ்சில் அது நடக்காது. மூன்று மில்லிமீட்டர் உடம்பு, வெதுவெதுப்பான தண்ணீர். செத்த சில மணி நேரத்தில் கரைந்துபோகும், இல்லையென்றால் மற்றது தின்றுவிடும். அதனால் செத்ததை எண்ணிக் கழித்துப் பிழைத்ததைக் கண்டுபிடிக்கிறேன் என்று யாராவது சொன்னால், கணக்கு எப்போதுமே சந்தோஷமாகத்தான் வரும்.

27,500 என்பதும் ஆணியடித்த எண் இல்லை என்று அவன் விளக்கினான். எண்ணியது 110 குஞ்சு. அதன் வர்க்கமூலம் சுமார் பத்தரை. இரட்டித்தால் 21. ஆக 110 என்பது 89 ஆகவும் இருக்கலாம், 131 ஆகவும் இருக்கலாம். தொட்டிக் கணக்கில் 22,000 முதல் 33,000 வரை. இது நம்மைப் போன்றவர்கள் மனக்கணக்காகப் போடக்கூடிய ஒன்று. மொத்தம் 25 குஞ்சு மட்டும் எண்ணியிருந்தால் பத்து முன்பின், அதாவது 40 சதவிகிதம் தப்பலாம். 100 எண்ணினால் 20 சதவிகிதம். 400 எண்ணினால் 10 சதவிகிதம். ஆனால் குஞ்சு தொட்டியில் சமமாகப் பரவியிருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஒரு குழாயில் 2, அடுத்ததில் 30 என்று வந்தால் இதைப் போடவே கூடாது. இன்னும் கொஞ்சம் காற்றுவிட்டு முதலிலிருந்து எண்ண வேண்டும். என் மூன்று குவளைக்கும் இது செல்லாது, வேறு காரணத்தால். நான் எண்ணியது தொட்டியை அல்ல, வெயில் விழுந்த மூலையை.

அன்றிரவே நால்வருக்கும் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த நாள் பார்க்கலாம், இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கலாம் என்று மூன்று நாள் ஓட்டினேன். அந்த மூன்று நாளில்தான் மாமா, குஞ்சை விட்டு வைப்பதற்கு வலைக்கூண்டும் தைக்கச் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டார்.

நான்காம் நாள் நேரில் போய்ச் சொன்னேன். மூவர் பேசாமல் இருந்தார்கள். மாமா மட்டும் பேசினார்.

"எங்க ஊருக்கு அறுவடைப் பரிசோதனைக்கு வந்தப்ப என்ன சொன்னீங்க? கண்ணுக்குப் பட்ட எடத்துல கட்டம் போடக் கூடாது, கணக்கு எந்த எடத்தைச் சொல்லுதோ அங்கதான் போடணும்னு சொன்னீங்களா இல்லையா? மீனுக்கு மட்டும் கண்ணுக்குப் பட்ட எடத்துல மோந்துட்டு வந்தீங்களாக்கும்."

பயிர் அறுவடைப் பரிசோதனை தெரியாத விவசாயி இல்லை. காப்பீட்டுத் தொகை அதை வைத்துத்தான் வருகிறது. நெல்லில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கட்டம் போட்டு, அறுத்து, அடித்து, எடை போடுவோம். எந்த வயல், வயலில் எந்த இடம் என்பதைக் குலுக்கல் எண்தான் முடிவு செய்யும். கட்டம் நல்ல விளைச்சலில் விழுந்துவிட்டால், "வேணும்னே நல்ல எடமாப் பார்த்துப் போட்டுட்டாங்க, இழப்பீடு போச்சு" என்று ஊரே சண்டைக்கு வரும். எத்தனையோ தடவை வரப்பில் நின்று, நாங்களாகப் பார்த்து எடுக்க மாட்டோம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த மனுஷனுக்கு அது அப்படியே ஞாபகம் இருந்தது. எனக்குத்தான் தொட்டியைப் பார்த்ததும் மறந்துவிட்டது. தொட்டியும் ஒரு வயல் என்று எனக்குத் தோன்றவில்லை. குஞ்சு நிறைய இருக்க வேண்டும் என்ற ஆசையில், நிறைய இருந்த இடத்துக்குக் கை தானாகப் போயிருக்கிறது.

பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகும் குறைந்துகொண்டேதான் வந்தது. பெரியது சின்னதை விழுங்க ஆரம்பித்தது. தரம் பிரித்துத் தனித்தனித் தொட்டியில் விட்டும் முழுதாகத் தடுக்க முடியவில்லை. இருபத்தைந்தாம் நாள், குஞ்சு ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் ஆனபோது, கையால் எண்ணியது 11,400. விட்ட ஒன்றரை லட்சத்தில் 7.6 சதவிகிதம். மற்றத் தொட்டிகளில் இருந்ததெல்லாம் வேறு ஆட்கள் முன்பதிவு செய்தது. நால்வரும் சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள், ஆளுக்கு 5,700. மாமாவுக்கு விழவில்லை. அடுத்த ஈடு குஞ்சு வருவதற்குள் சித்திரை வெயிலில் குட்டையில் உப்பு ஏறிவிட்டது. அந்த வருடம் அவர் எதுவும் விடவில்லை. நகைக்கடன் வட்டியை நான் கட்டுகிறேன் என்றேன். வாங்கிக்கொள்ளவில்லை. "நாளைக்கு நெல்லுக்கு உங்ககிட்டதான் வரணும், வேணாம்" என்றார்.

பன்னிரண்டாம் நாள் எண்ணிக்கையை நான் உடனே சொல்லி, அதிலும் 22,000 என்ற கீழ் எண்ணை எடுத்து, இன்னும் பாதி போகும் என்று வைத்துப் பார்த்திருந்தால், இரண்டு பேருக்குத்தான் தேறும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும். மற்ற இரண்டு பேர் அப்போதே வேறு வழி பார்த்திருப்பார்கள்.

இனி, கேள்வி கேட்ட வாசகருக்கு.

60 சதவிகிதம் என்று சொன்னவர்களிடம், எதிலிருந்து 60 என்று முதலில் கேளுங்கள். முட்டையிலிருந்தா, பொரிந்த குஞ்சிலிருந்தா, தீனி எடுக்கத் தொடங்கிய குஞ்சிலிருந்தா? மூன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. விட்ட எண்ணிக்கையே ஒரு மதிப்பீடுதான், அதையும் மாதிரி எடுத்துத்தான் போடுகிறார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். அதனால் எனக்குச் சதவிகிதத்தின் மேலேயே நம்பிக்கை குறைவு. இன்றைக்குத் தொட்டியில் எத்தனை இருக்கிறது என்று மட்டும் கேட்பேன். எத்தனையாம் நாள் எண்ணியது, பகலிலா இரவிலா, எத்தனை இடத்தில், மொத்தம் எத்தனை குஞ்சு தட்டில் விழுந்தது என்பதையும் கேளுங்கள். நல்ல பொரிப்பகத்தில் இதெல்லாம் நோட்டில் இருக்கும், கேட்டால் கோபப்பட மாட்டார்கள். அவர்களுக்கும் அந்த எண் வேண்டும். கூடுதலாக நினைத்துத் தீனி போட்டால் தண்ணீர் கெடும். குறைவாக நினைத்துப் போட்டால் பசியில் ஒன்றை ஒன்று தின்னும். ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று சொல்கிறவரை நம்பலாம் என்பது என் எண்ணம்.

இரண்டாம் வாரக் கணக்கை வைத்துக் குட்டைக்குச் செலவு செய்யாதீர்கள். தரம் பிரித்த பிறகு சொல்லும் எண்ணுக்குக் காத்திருங்கள். குட்டையைக் காயவிடுவதற்குக் காசு ஆகாது, அதை மட்டும் முன்னாடி செய்யலாம். சேறு வாருவதும் சுண்ணாம்பும் டீசலும் அப்புறம்.

குஞ்சு எடுக்கும் நாளில் பெரும்பாலும் ஒரு கிண்ணத்தை மட்டும் எண்ணிவிட்டு, மற்றக் கிண்ணங்களை அதைப் பார்த்துக் கண்ணளவாக நிரப்பி, ஆக்சிஜன் பையில் போட்டுத் தருவார்கள். அந்த முறை தப்பில்லை, அத்தனையையும் எண்ணிக்கொண்டிருந்தால் குஞ்சு தாங்காது. பைகளை அடுக்கிய பிறகு, ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு எண் எழுதிய சீட்டில் இரண்டை எடுக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணுள்ள இரண்டு பைகளையும் பிரித்து, அங்கேயே, அவர்கள் முன்னாலேயே எண்ணுங்கள். நீங்கள் பார்த்து எடுக்கும் பையும் வேண்டாம், அவர்கள் எடுத்துக் கொடுக்கும் பையும் வேண்டாம்.